காய்ச்சலுக்கு ஒரு காலண்டர்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக விளையாடும் ரோல்பிளேயிங் விளையாட்டை நடத்துகிறவர்களிடம், 'உங்கள் மேஜையில் நீங்கள் ஆசையாகத் தயார் செய்தும் எடுபடாமல் போன விஷயம் எது?' என்று கேட்டிருந்தேன். டிராகன், துரோகி, சாபம் என்று பதில்கள் வரும் என நினைத்தேன். அதிகம் வந்தது நோய். எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா, நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 விதிகளில் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிறவனாக இருக்கிறேன். ஒரு ஊரையே காலி செய்கிற கொள்ளைநோயை வைத்துக் கதை எழுதினேன். முதல் நோயாளியைப் பார்த்ததுமே பாலடின் (தெய்வ சக்தி கொண்ட போர்வீரன்), 'கை வைக்கிறேன், அஞ்சு பாயின்ட்' என்றான். அடுத்தவருக்கு கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் என்ற குணமாக்கும் மந்திரத்தைப் போட்டாள். பத்து நிமிஷத்தில் கதை முடிந்துவிட்டது. இந்தச் சக்திகளைத் தடை செய்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. பாலடினைத் தேர்ந்தெடுத்தவர், தொட்டால் குணமாகும் அந்தக் கைக்காகத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார். அதைப் பிடுங்கினால் நோய் பெரிதாகாது, அவருடைய ஆசைதான் சின்னதாகும். சக்தியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

5-ம் லெவல் பாலடினிடம் கை வைத்துக் குணமாக்க ஒரு நாளைக்கு 25 பாயின்ட் இருக்கும். ஒரு நோயைத் தீர்க்க 5 போகும். ஆக 5 பேர். 5-ம் லெவல் கிளெரிக்குக்கு இரண்டாம் நிலை ஸ்லாட் (ஒரு நாளில் மந்திரம் போடும் வாய்ப்பு) 3, மூன்றாம் நிலை ஸ்லாட் 2. எல்லாவற்றையும் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷனுக்கே கொட்டினாலும் 5 பேர்தான். இரண்டு பேரும் சேர்ந்து, வேறு எதுவுமே செய்யாமல், நாளுக்குப் பத்துப் பேர். உங்கள் ஊரில் படுத்திருப்பவர்கள் 60 பேர் என்றும், தினமும் புதிதாக 12 பேர் விழுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹீரோக்கள் தூங்காமல் உழைத்தாலும் வரிசை நாளுக்கு இரண்டு பேர் நீளும். அன்று ராத்திரி வேலியைத் தாண்டி ஏதாவது வந்தால், கிளெரிக்கிடம் பெரிய ஸ்லாட் ஒன்றுகூட மிச்சமிருக்காது. இப்போது காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி நிற்கிறது: இன்றைக்கு எந்தப் பத்துப் பேர்?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மந்திரம் நோயை முடிக்கிறது, அவ்வளவுதான். மறுபடி வராது என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. நேற்றுக் குணமான மூன்று பேர் அதே கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு இன்று மறுபடி வரிசையில் நின்றால், விளையாடுகிறவர்கள் தாங்களாகவே மந்திரத்தை விட்டுவிட்டுக் கிணற்றைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்தது அதுதான். யார் யார் இறந்தார்கள், அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பின் மேல் சந்தேகம் விழுந்தது, கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராவுக்குக் காரணமான கிருமி அப்போது மருத்துவ உலகில் ஏற்கப்படவே இல்லை. உங்கள் ஹீரோக்களின் குழுவான பார்ட்டிக்கும் கிருமி தெரிய வேண்டியதில்லை. யார் எங்கே குடித்தார்கள் என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஒரு ஊர் வரைபடத்தைக் கையில் கொடுத்து, நோயாளி இருக்கும் வீடுகளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேஜையில் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டின் சண்டை 6 வினாடிச் சுற்றுகளில் நடக்கிறது, நோயோ நாள்கணக்கில் நடப்பது. நம்மில் பலர் நாட்களை எண்ணுவதே இல்லை. 'நாலு நாள் பயணம் செஞ்சு வந்து சேர்ந்தீங்க' என்று ஒரே மூச்சில் சொல்லித் தாண்டிவிடுகிறோம். நாள் எண்ணாத கேம்பெயினில் (பல மாலைகள் தொடரும் கதையில்) நோய்க்கு இருக்க இடமே கிடையாது. நோயை எழுதுவதற்கு முன்னால் ஒரு காலண்டர் எழுதுங்கள். வெறும் கோடு போட்ட தாள் போதும். ஆனால் அது திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. மேஜை நடுவில், எல்லார் கண்ணிலும் பட இருக்க வேண்டும். ஒவ்வொரு லாங் ரெஸ்டுக்கும், அதாவது ராத்திரி முழு ஓய்வுக்கும், ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு படகுக்காரக் கிழவியிடம். என் கேம்பெயினில் பார்ட்டியை நாலு செஷனாக ஆற்றைக் கடத்திவிட்ட கதாபாத்திரம் அவள். ஒருநாள் துடுப்பு போடும்போது இருமினாள், துடுப்பை மாற்றிப் பிடித்தாள். கிளெரிக்கிடம் ஒரே ஒரு ஸ்லாட் பாக்கி. அக்கரையில் ஒரு பாழடைந்த கோட்டை காத்திருக்கிறது. 'திரும்பி வரும்போது பார்த்துக்கலாம் பாட்டி' என்றாள் கிளெரிக்காக விளையாடியவள். கோட்டையில் மூன்று நாள் ஆயிற்று. மூன்று கட்டங்களை எல்லார் கண்முன்னாலும் அடித்தேன். நான்காம் நாள் கரைக்கு வந்தபோது படகு கட்டியிருந்தது, துடுப்பு உள்ளே கிடந்தது, ஆள் இல்லை. அவ்வளவுதான் சொன்னேன். கிளெரிக்காக விளையாடியவள் கேரக்டர் தாளை எடுத்து, உபயோகிக்காமலே இருந்த அந்த ஸ்லாட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாராவது இருமினால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

புத்தகத்தில் இருக்கும் சூவர் பிளேக் என்ற சாக்கடை நோயை உபயோகித்தேன். என் பார்ட்டிக்கு அது ஒரு தும்மல் மாதிரி இருந்தது. விதியில் ஏதாவது தவறாகப் படித்துவிட்டேனா?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், அந்த எண்கள் அப்படி. 2014 விதியில் அதன் டிசி, அதாவது தப்பிக்க எட்ட வேண்டிய எண், 11. உடல் உறுதிக்கான கான்ஸ்டிடியூஷன் போனஸ் +2 இருக்கிற ஒருவர் இருபது முகப் பகடையான டி20-ல் 9 போட்டாலே தப்பித்தார், அதாவது 60 சதவீத வாய்ப்பு. தொற்றிய பிறகும் ஒவ்வொரு லாங் ரெஸ்ட் முடிவிலும் அதே எண்ணுக்கு உருட்டுகிறார். ஜெயித்தால் எக்ஸாஷன் என்ற களைப்பு ஒரு படி குறைகிறது, அது பூஜ்யமானால் நோயே போய்விடுகிறது. முதல் காலையிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுந்து நடந்துவிடுவார்கள்.

மூன்றாம் பதிப்பு விதிகளில் இரண்டு நல்ல யோசனைகள் இருந்தன. இரண்டையும் நான் இன்றைக்கும் விடவில்லை. ஒன்று, குணமாக அடுத்தடுத்து இரண்டு நாள் ஜெயிக்க வேண்டும். அந்த 60 சதவீத ஆளுக்கு இது 36 சதவீதம் ஆகிறது. அதைவிட முக்கியம், முதல் நாள் ஜெயித்தவர் அடுத்த நாள் உருட்டும்போது மேஜையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, கூட இருந்து கவனிப்பவர் தன் மருத்துவத் திறனுக்கு உருட்டலாம். அந்த எண் அதிகமாக இருந்தால் நோயாளி தன் எண்ணுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளலாம். நான் இதில் ஒரு விலை சேர்த்தேன்: ராத்திரி கண்விழித்துக் கவனிப்பவருக்கு அன்றைய லாங் ரெஸ்டின் பலன் கிடையாது. எந்த மந்திரமும் தெரியாத ஃபைட்டர், தோழியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அடுத்த நாள் சண்டைக்குக் களைத்துப்போய் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஃபைட்டரை யாரும் 'சும்மா வாளைச் சுழற்றுகிறவன்' என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

2024-ல் வந்த புது விதிகளில் நோயே இல்லை என்கிறார்களே?

லெஸ்ஸர் ரெஸ்டோரேஷனில் இப்போது 'நோய்' என்ற சொல் கிடையாது. குருடு, செவிடு, முடக்கம், விஷம் ஆகிய நாலு நிலைகள்தான். பாலடினின் கை விஷத்தைத்தான் எடுக்கிறது. மூன்றாம் லெவலில் கிடைத்துவந்த நோய்த் தடுப்பும் போய்விட்டது. பழைய நோய்கள் மாய தொற்று என்ற தலைப்புக்கு மாறிவிட்டன. எனக்கு இதில் பாதி சந்தோஷம், பாதி வருத்தம். எல்லா நோயையும் ஒரே மந்திரத்தில் துடைத்தெறிய முடியாது என்பது சந்தோஷம். பழைய பாலடின் கொள்ளைநோய் வீட்டுக்குள் பயமில்லாமல் நுழையக்கூடிய ஆளாக இருந்தார், அந்தக் காட்சி போய்விட்டதே என்பது வருத்தம். என் மேஜையில் அந்தத் தடுப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நோயை எப்படி அறிமுகப்படுத்துவது? பெயரையும் அறிகுறிகளையும் வாசித்தால் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். நோய் வந்தவருக்கு முதலில் தெரிவது அதன் பெயர் இல்லையே.

நான் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சின்ன அட்டை வைத்துக்கொள்கிறேன். ஒன்றை அப்படியே தருகிறேன். என் சொந்தக் கற்பனை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நாக்கு. பழைய கல்லறைக்கு அடியில் ஊறிவரும் தண்ணீரில் இருக்கிறது. குடித்தால் டிசி 13. மூன்று நாள் சத்தமே இருக்காது. நான்காம் நாள் உப்பு ருசி போகும். ஐந்தாம் நாள் நாக்கில் சாம்பல் படியும். ஆறாம் நாள் குரல் கம்மும்: வாயால் சொல்ல வேண்டிய எந்த மந்திரத்துக்கும் முதலில் டி20 உருட்ட வேண்டும், 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் மந்திரம் வராது. ஸ்லாட் போகாது, ஆனால் அந்த முறை போய்விடும். அடுத்தடுத்து இரண்டு காலை ஜெயித்தால் குணம். குரல் மட்டும் பழையபடி திரும்பாது, கொஞ்சம் கரகரப்பு தங்கிவிடும்.

இதை மேஜைக்குக் கொண்டுவந்த விதத்தைச் சொல்கிறேன். நான்காம் நாள் ராத்திரி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில், மந்திரவாதியான விஸார்டாக விளையாடுகிறவரிடம் மட்டும், 'இன்னிக்கு உப்பு போட மறந்துட்டாங்க போல இருக்கு' என்றேன். சரி என்றார், தாண்டிப் போனோம். மறுநாள் ராத்திரி அதே வார்த்தையை வேட்டைக்காரியான ரேஞ்சராக விளையாடுகிறவளிடம் சொன்னேன், அவள் ஒரு நாள் தாமதமாகக் குடித்திருந்தாள். விஸார்ட் எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். 'நேத்து எனக்கும் இதையேதான் சொன்னீங்க' என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமல் ரேஞ்சரைப் பார்த்து, 'நாக்கை நீட்டு' என்றார்.

உயிர்க்கணக்கான ஹிட் பாயின்ட்டைக் குறைக்கிற நோயை விளையாடுகிறவர்கள் இன்னொரு அடியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் கேரக்டர் எதை நம்பி வாழ்கிறதோ அதைத் தொடுங்கள். விஸார்டுக்குக் குரல், வில்லாளிக்குக் கண், திருடனுக்கு விரல் நடுக்கம். 2014 புத்தகத்திலேயே சைட் ராட் என்ற கண் நோய் இந்த வகையில் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது: பார்வை நாளுக்கு ஒரு புள்ளியாக மங்கி, -5-ல் குருடாகிறது. மருந்து சதுப்பு நிலத்தில் பூக்கும் ஒரு பூ. பார்வை முழுதாகப் போவதற்குள் பூவைப் பறிக்க வேண்டும் என்று ஒரு பயணமே தானாகக் கிடைத்துவிடுகிறது.

என் ரோக் (திருடன் கேரக்டர்) படுத்த படுக்கையாகி இரண்டு செஷன் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிஎம் 'யதார்த்தம்' என்கிறார். இது நியாயமா?

இல்லை. உங்கள் டிஎம்மிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். நோய் ஒரு கேரக்டரின் வழியை அடைக்கலாம். விளையாட வந்தவரின் மாலையைப் பறிக்கக் கூடாது. ரோக் படுத்திருந்தால், அந்த செஷனுக்கு ஊரின் மருத்துவச்சியையோ, பூவைத் தேடப் போகும் வழிகாட்டியையோ உங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். அல்லது ரோக்கை எழுந்து வரவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு விலை வைத்திருக்க வேண்டும்: இப்போது சுவர் ஏறினால் நாளைக் காலை உருட்டுவது இன்னும் கடினம். 'ஏறுகிறாயா?' என்று கேட்பது உங்களை விளையாட்டுக்குள் வைத்திருக்கிறது.

குணமாகி எழுந்தவருக்கு ஏதாவது கொடுக்கவும் வேண்டும். கி.மு. 430-ல் ஏதென்ஸில் வந்த கொள்ளைநோயைப் பற்றி கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அவருக்கே அந்த நோய் வந்து பிழைத்தவர். நோயிலிருந்து மீண்டவர்கள்தான் நோயாளிகளிடம் அதிகம் இரக்கம் காட்டினார்கள், ஏனென்றால் அந்த வேதனை அவர்களுக்குத் தெரியும், இரண்டாம் முறை அது உயிரைக் குடிக்கும்படி வராது என்றும் தெரியும் என்கிறார். உங்கள் ரோக் எழுந்ததும் இனி அந்த நோய் தொடாத ஆளாகிறார். மற்றவர்கள் வாசலில் நிற்க, அடைத்த வீட்டுக்குள் அவர் நடந்து போகலாம். இரண்டு செஷன் படுத்ததற்கு அந்த ஒரு நடை ஈடு என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ரேஞ்சரின் ஓநாய்க்கு நோய் தொற்றுமா? விதியில் தெளிவாக இல்லை. சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினால் என்ன செய்வது?

தொற்றட்டும். விலங்குகளை மறந்துவிடுவதுதான் எல்லாரும் செய்வது. 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கணினி விளையாட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு தனிப் பகுதியின் பெரிய எதிரி போடும் 'கரப்டட் பிளட்' என்ற தொற்று, அந்தப் பகுதிக்குள் மட்டும் இருக்கும்படி செய்யப்பட்டது. விளையாடியவர்கள் நோய் தொற்றிய தங்கள் வளர்ப்பு விலங்கை மறையவைத்துவிட்டு, நகரத்துக்கு வந்து மறுபடி கூப்பிட்டார்கள். விலங்கோடு நோயும் வந்தது. லெவல் குறைந்தவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். சிலர் ஓடி ஓடிக் குணப்படுத்தினார்கள், சிலர் நகரத்தை விட்டே ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். கடைசியில் நிறுவனம் சர்வர்களை மீட்டமைத்துத்தான் நிறுத்த முடிந்தது. 2007-ல் தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதை ஒரு மருத்துவ ஆய்விதழிலேயே எழுதினார்கள், மனிதர்கள் நோய்க்காலத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இது ஒரு ஜன்னல் என்று.

உங்கள் விஸார்டின் மந்திரத் துணை விலங்கான ஃபெமிலியரும் மறைந்து மறைந்து வருகிறதே, அதை யோசித்துப் பாருங்கள். வேண்டுமென்றே பரப்புகிறவர் விஷயத்தில், கதைக்குள் அவரைத் தண்டிப்பதற்கு முன்னால், விளையாட்டுக்கு வெளியே 'இது நமக்கெல்லாம் பிடிக்கிறதா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஊரை அடைக்கும் காட்சியை எப்படி நடத்துவது? காவலர்கள் வாசலில் நின்றால் பார்ட்டி உடனே சண்டைக்குப் போகிறது.

சண்டை போடுவதற்கு ஆள் வைத்தால் சண்டைதான் போடுவார்கள். முடிவை அவர்கள் கையில் கொடுங்கள்.

1377-ல் ரகுசா நகரம், இன்றைய டுப்ரோவ்னிக், கொள்ளைநோய் இருக்கும் இடத்திலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. பிற்பாடு அது 40 நாள் ஆயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' வந்தது. உங்கள் பார்ட்டியை நகரத்துக்கு வெளியே முப்பது நாள் உட்கார வையுங்கள், கூடவே அவசரமான ஒரு கடிதத்தையும் கொடுங்கள். காலண்டர் மேஜையில் இருந்தால் முப்பது கட்டங்களும் அவர்களை முறைத்துப் பார்க்கும்.

இதைவிட என்னை உலுக்கியது இங்கிலாந்தின் ஈயம் என்ற கிராமம். 1665-ல் அங்கே பிளேக் வந்தது. அடுத்த ஆண்டு, நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகக் கூடாது என்று கிராமத்தார் பாதிரியாரின் பேச்சைக் கேட்டுத் தாங்களாகவே ஊரை அடைத்துக்கொண்டார்கள். எல்லையில் ஒரு கல். வெளியூர்க்காரர்கள் சாமான்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுவைப்பார்கள் ஊர்க்காரர்கள்.

அந்தக் கல்லை அப்படியே என் உலகத்துக்குக் கொண்டுபோனேன். பார்ட்டி உள்ளே மாட்டிக்கொண்ட மூன்றாம் நாள், ஊர்ப் பெரியவள் எல்லாரையும் கூப்பிட்டு, போக வேண்டியவர்கள் இன்று ராத்திரியே போகலாம், நாளையிலிருந்து யாரும் போகக் கூடாது என்றாள். காவலர் இல்லை, கதவு இல்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, இருப்பதா போவதா என்று ரகசியமாக எழுதச் சொன்னேன். ஐந்து தாளில் நாலு 'இருக்கிறோம்'. ஐந்தாவது தாளை எழுதியவருடைய கேரக்டருக்கு வெளியே ஒரு குழந்தை இருந்தது. அவர் போனார், யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு கல்லுக்கு வெளிப்பக்கத்தில் சாமான் வைத்துவிட்டுப் போகிற ஆளாக அவர் விளையாடினார்.

எங்கள் மேஜையில் ஒருவருடைய அப்பா சமீபத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். நான் எழுதிவைத்த கொள்ளைநோய்க் கதையை என்ன செய்வது?

தள்ளி வையுங்கள். அவரிடம் தனியாக, விளையாட்டு நாளுக்கு முன்னாலேயே, 'இப்படி ஒரு கதை வைத்திருந்தேன், இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன்' என்று சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், அங்கே 'பரவாயில்லை' என்றுதான் சொல்லத் தோன்றும். 'நடத்துங்கள்' என்று அவரே சொன்னாலும், எதெல்லாம் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு இருமல் சத்தம், சிலருக்குப் படுக்கையோரக் காட்சி. மேஜையில் எக்ஸ் கார்டு இருக்கட்டும், யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். நான் நோய்க் கதைகளை நேசிக்கிறவள். ஆனால் அந்த ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து பகடை உருட்டுவதைவிட எந்தக் கதையும் எனக்குப் பெரிதில்லை. அந்தக் காகிதங்கள் அடுத்த வருஷமும் இருக்கும்.

நோய்க்கான உருட்டலை டிஎம் மறைவாகச் செய்வதா, எல்லார் முன்னாலுமா?

தொற்றியதா இல்லையா என்ற முதல் உருட்டலை மறைவாக நீங்களே செய்துவிடுங்கள், அந்தச் சத்தமில்லாத மூன்று நாட்களுக்காக. அறிகுறி தெரிந்த பிறகு ஒவ்வொரு காலையும் பகடை நோயாளியின் கையில், மேஜை நடுவில், காலண்டருக்குப் பக்கத்தில் உருளட்டும்.